சிமெண்டுத் தொட்டியில் சேரன் கலம் செலுத்தியது

வாழி சேரன்! கடலைப் புறங்கண்ட மன்னர்களின் பெயரைத் தாங்கியும், கடலை வாழ்நாளில் இரண்டே முறை, அதுவும் பேண்டை முட்டிவரை சுருட்டிக்கொண்டு நின்று கண்டவன். பொம்மை வார்க்கும் பட்டறையின் தனிப்பெருந்தலைவன். இருபத்திரண்டு ஆண்டுகளாக எண்ணிலாப் பிள்ளையார்களையும் அவர்களுக்குச் சளைக்காத யானைகளையும் சூளைத் தீயில் ஈன்றெடுத்த விருத்தாசலத்து வீரன். மணிமுத்தாறு மணலாய்க் கிடக்கும் ஊரில் கப்பற்போர் நடக்குமா என்று ஐயுறுவோர் வாயைப் பொத்திக்கொள்க. நடந்தது. களிமண் கரைக்க நீர் தேக்கும் இருபதடிச் சிமெண்டுத் தொட்டியில் நடந்தது.

போர்க்காரணம் கேளுங்கள். புதுச்சேரியில் பந்தயப் பாய்மரப் படகு கட்டும் பிரபாகரன், தன் அடுத்த படகின் அடியுடல் ஒடுங்கி நீள வேண்டுமா, அகன்று பருக்க வேண்டுமா என்று சோறு தண்ணி மறந்து, இரண்டு வரைபடங்களோடு இப்பட்டறைக்கு வந்து, இரண்டையும் பத்தில் ஒரு பங்கு அளவில் வார்த்து, நீரில் இழுத்துப் பார்த்துச் சொல்லும்படி வேண்டினான். வென்ற வடிவத்தையே கட்டுவேன், அதை வார்த்தவர் பெயரையே முகப்பில் எழுதுவேன் என்று போகிற போக்கில் அவன் உதிர்த்த சொல், சேரனின் நெஞ்சில் ஆணியாய் இறங்கியது. வங்கக் கடலில், வெண்பாய் விரித்து, முழ உயர எழுத்தில், ‘சேரன்’! அன்று முதல் அவன் சோறு பிசைந்ததும் துடுப்பு வலித்ததைப் போலவே இருந்தது என்பர்.

ஒடுங்கிய கலத்தை அவனே எடுத்துக்கொண்டான். பருத்த கலம் மனைவியின் தம்பி மதிவாணனுக்கு விழுந்தது. ஏவினாலன்றி எழாதவன், எழுந்தாலும் நடவாதவன் அவன். சுட்டால் சுருங்கும் கணக்கையும் சேர்த்து அச்செடுத்து, கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சில் முக்கி, சூளையிலிருந்து சேரன் இறக்கிய கலமோ, முகம் பார்த்துத் தலை வாரலாம் போல் மின்னியது. பிள்ளையாருக்குக் கண் வரைந்துகொண்டிருந்த பட்டறைத் தொழிலாளி கண்ணம்மாள் மட்டும், “யானைன்னா சொல்லுங்க, செஞ்சுடலாம். கப்பலுக்கும் நமக்கும் என்னாங்க?” என்று கேட்டுவிட்டுத் தூரிகையை நக்கினாள். மாவீரர்கள் இத்தகைய வினாக்களுக்கு விடையிறுப்பதில்லை.

ஒரு மூங்கில் கழியின் இரு முனைகளில் இரு கலங்கள். நடுவில் ஒரு கயிறு. கலங்களுள் மணலிட்டு எடை சமன் செய்தாயிற்று. கயிற்றை இழுக்கும்போது எந்தக் கலத்தை நீர் அதிகம் பிடித்து நிறுத்துகிறதோ, அந்த முனை பின்தங்கும், அதுவே தோல்வி. கயிறேந்தி நின்றாள் சேரனின் இல்லாள் மோகனப்பிரியா, நடுவுநிலையே உருவாக, அடுப்பில் குழம்பு கொதிக்கும் நினைவோடு.

“தண்ணி பொய் சொல்லாது மச்சான். அது சொல்றதுதான் தீர்ப்பு,” என்று முழங்கினான் சேரன்.

“சரிங்க மாமா,” என்று கொட்டாவி விட்டான் மதிவாணன்.

கயிறு அசைந்தது. ஊழிவெள்ளம் கிழித்துப் பாயும் சுறாவென, வில்லினின்று விடுபட்ட சரமென, சேரனின் கலம் பாய்ந்திருக்க வேண்டும். பாயவில்லை. திருவிழாக் கூட்டத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்திழுக்கும் பிள்ளையென அது பின்னால் தொங்க, மதிவாணனின் குண்டுக் கலம் தேரென முன்னே சென்றது. முனை மாற்றிக் கட்டினார்கள், அதே கதை. மூன்றாம் முறை காற்றின் மேல் பழி போட்டுத் தார்ப்பாய் கட்டி இழுத்தார்கள், அதே கதை. “கப்பலு பின்னாடி பாத்துட்டே வருது, எதையோ வுட்டுட்டு வந்துச்சோ?” என்றாள் கண்ணம்மாள். மதிவாணன் சிரித்தபடி டீ சொல்லப் போனான்.

மோகனப்பிரியா கணவனின் கலத்தைத் தூக்கிக் கவிழ்த்து, கட்டைவிரலால் தடவினாள். பிறகு அவன் காதோடு கேட்டாள்: “ஏங்க, அடிய தொடச்சிட்டீங்களா?”

அந்தோ! அடியில் கிளேஸ் இருந்தால் அது உருகிச் சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், இவ்வூரில் சூளைக்கேறும் எப்பொருளின் அடியையும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்தே வைப்பார்கள். மனத்தைக் கேளாமலே கை அதைச் செய்யும். இருபத்திரண்டு ஆண்டுப் பழக்கமுள்ள கை செய்துவிட்டது. பிள்ளையாருக்கு அடி என்பது மேசையில் உட்காருமிடம். படகுக்கோ அடிதான் படகு. கண்ணுக்குத் தெரியும் பாகமெல்லாம் கண்ணாடி, நீரைத் தொடும் பாகமெல்லாம் உப்புத்தாள். மதிவாணனோ, கலத்துக்கு முட்டுக் கொடுக்கச் சோம்பி அதைச் சூளையில் குப்புறக் கவிழ்த்து வைத்தமையால், தட்டில் படாது துடைபடாத அடி வெண்ணெயாய் வழுக்கிற்று.

“பூசி திரும்ப சுட்டு ஓட்டிப் பாக்கறோம்னு போன்ல சொல்லிடுங்க. ரெண்டு நாளு ஆவும், அவ்ளோதான்,” என்றாள் அவள்.

சொல்லலாம். சொன்னால் ஏன் என்பான் பிரபாகரன். காரணம் தெரிந்தால் மதிவாணனுக்குத் தெரியும். மதிவாணனுக்குத் தெரிந்தால் ஜங்ஷன் முதல் கடைசிச் சூளை வரை தெரியும். படகுக்கு அடிதுடைத்த சேரன் என்று இவ்வூர் உள்ளளவும் நிற்கும் அப்பெயர். ஒருபுறம் வங்கக் கடலும் முழ உயர எழுத்தும். மறுபுறம் டீக்கடைச் சிரிப்பு. இரண்டுக்குமிடையே அவன் மலையென நின்றான், எரிமலையெனப் புகைந்தான், மீசை துடித்தான், வானை நோக்கினான். அக்கணம் போர்முரசென அதிர்ந்தது சட்டைப்பையிலிருந்த செல்பேசி, மறுமுனையில் பிரபாகரன்.

“குண்டா இருக்கறதே நல்லா போவுதுங்க, அதையே கட்டிடுங்க,” என்றான் சேரன்.