பஞ்சுக் கிடங்கு வாசலில் ஒரு வீட்டுக்காரர்

மதுரையில் சொந்த வீடு வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். வீட்டின் மேல் உயிரையே வைத்திருந்தவர் என்றால் ஒருத்தரைத்தான் சொல்வேன். அவருக்கு வீடு கிடையாது.

தெற்குவெளி வீதியில் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த ஒரு பஞ்சுக் கிடங்கு. முகப்பில் ஒரு தகரச் சார்ப்பு. அதன் அடியில் நாலு எட்டு நீளம், இரண்டு எட்டு அகலம். அதுதான் அவர் வாசஸ்தலம். பெயர் என்னவோ, யாரும் கேட்டதில்லை. தெருவே அவரை ‘வீட்டுக்காரர்’ என்றுதான் கூப்பிடும். பகலெல்லாம் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குவார். சாயங்காலம் வந்து மூன்று செங்கல் கூட்டிச் சோறு பொங்குவார். பிச்சைக்காரர் என்று நினைத்து எவராவது சில்லறை போட்டுவிட்டால் தொலைந்தார். “ஐயா, எங்க வீட்டுக்குள்ள காசத் தவற விட்டுட்டுப் போறீகளே!” என்று பின்னாலேயே ஓடி, கையில் திணித்துவிட்டுத்தான் திரும்புவார்.

வீட்டுக்குச் சுவர் ஏது? தரையில் கரிக்கட்டியால் இழுத்த கோடுதான் சுவர். கோட்டின் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பார். அது வாசல். செருப்பை வெளியே கழற்றிவிட்டு அந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அதுவும் சும்மா போக முடியாது.

“குனிஞ்சு வாங்க தம்பி, குனிஞ்சு வாங்க! நிலை தணிவு, மண்டையில தட்டிரும்!”

முதல் தடவை நான் சிரித்தேன். இரண்டாம் தடவை குனிந்தேன். மூன்றாம் தடவை, அவர் சொல்லாமலே, தலையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தேன். என்னை விடுங்கள், எங்கள் பேட்டை ஏட்டையா ஆறடி உயரம், அதற்குத் தகுந்த மீசை. அவரே ஒருநாள் விசாரணைக்கு வந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க அரைமணி நேரம் போராடி, குனிந்து உள்ளே போய், எதற்கு வந்தோம் என்பதையே மறந்து, கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

இன்னொரு நாள் ஓர் ஆடு கரிக்கோட்டைத் தாண்டி உள்ளே நுழைந்துவிட்டது. மனுஷர் அதை அடிக்கவில்லை. காதைப் பிடித்து அழைத்துப்போய், வாசல் வழியாக வெளியே விட்டார்.

“செவுத்து வழியா வருது பாருங்கண்ணே! வளர்ப்பு சரியில்ல” என்று எதிரே இருந்த பாத்திரக்கடைக்காரரிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஆட்டின் சொந்தக்காரரே அந்தப் பாத்திரக்கடைக்காரர்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது யுத்தம் வந்து, அரிசிக்கு ரேஷன் கார்டும் வந்தது. கார்டு எழுதத் தற்காலிகக் குமாஸ்தாக்களைத் தேடினார்கள். எனக்கு அந்த வேலை கிடைத்தது. கூடவே மேலிடத்திலிருந்து இன்னோர் உத்தரவும் கிளம்பிற்று. வீடு இல்லாமல் தெருவில் படுக்கிறவர்களையெல்லாம் லாரியில் ஏற்றித் திருப்பரங்குன்றம் ரோட்டில் கொட்டகை போட்டு வைக்கப் போகிறார்களாம். இரண்டு வேளை கஞ்சி உண்டு. வேலிக்கு வெளியே வரத்தான் அனுமதி கிடையாது. கையில் கார்டு இருந்தால் லாரி கிட்டே வராது.

அதனால் ஓடோடிப்போய் அவர் வீட்டில்தான் முதலில் உட்கார்ந்தேன். கார்டுக்கான விண்ணப்பப் பாரத்தில் கதவு எண் கேட்டிருந்தது. பாத்திரக்கடைக்காரர் நல்ல மனுஷர். “எங்க கடை நம்பரப் போட்டுக்கங்க தம்பி. என் வேலையாளுன்னு எழுதிருங்க, முடிஞ்சுபோச்சு” என்றார்.

வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம்!

“அவுக கடையில நான் ஒருநா படுத்திருக்கேனா? என் வீடு இங்க இருக்கையில எதுக்குத் தம்பி பொய்யி?”

“யோவ், லாரியில ஏத்திருவாங்கய்யா!” என்றேன்.

“வீடு இல்லாத ஆளைத்தான தம்பி ஏத்துறாக?”

இந்த ஆளிடம் என்னத்தைப் பேச? ‘வீட்டுக்காரர், பஞ்சுக் கிடங்கு முகப்பு, தகரச் சார்ப்பு’ என்று எழுதினேன். ரேஷன் இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டு, “நேரில் வருகிறேன்” என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினார்.

அந்த வாரத்தில்தான் பேச்சி வந்து சேர்ந்தாள். மேலூர்ப் பக்கத்தில் வயல்வேலை செய்த பெண். ஊரில் மழை இல்லை, வேலை இல்லை, புருஷனும் இல்லை. கையில் ஒன்று, இடுப்பில் ஒன்றாக இரண்டு குழந்தைகள். மழைத் தூறலுக்கு ஒதுங்கினவளை வீட்டுக்காரர் உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டார். அன்று முதல் அவர் படுக்கை கோட்டுக்கு வெளியே போய்விட்டது. சட்டி எடுக்க உள்ளே போவதென்றால்கூட வாசலில் நின்று இரண்டு தடவை இருமுவார். “பொம்பளைப் பிள்ள இருக்கிற வீடு தம்பி, திடுதிப்புன்னு நுழையலாமா?”

இன்ஸ்பெக்டர் காலையில் வந்தார். பின்னாலேயே லாரியும் வந்து நின்றது. பேச்சி குழந்தைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“இது வீடா?” என்றார் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து.

பாத்திரக்கடைக்காரர்தான் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். “வீடுதாங்க. நாங்க அம்புட்டுப் பேரும் செருப்பக் கழட்டிட்டுத்தான் போவோம்.” பூக்காரம்மாள் “ஆமாங்க” என்றாள். தையற்காரர் “ஆமா” என்றார். ஏட்டையா எங்கிருந்து வந்தாரோ, “நானே உள்ளே போயிருக்கேன் சார்” என்று விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். இன்ஸ்பெக்டர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தெருவே பைத்தியம் என்று முடிவு கட்டியிருப்பார். ஆனாலும் மனுஷர் கல்நெஞ்சர் இல்லை.

“சரி, தொலையுது. ஒரு வீடு, ஒரு குடும்பம், ஒரு கார்டு. அதுக்கு மேல என்னால முடியாது. நீங்க ரெண்டு பேரும் புருஷன் பெண்டாட்டியா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் நாலு பேருக்கும் அரிசி. நான் கண்ணால் கெஞ்சினேன். பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்காரர் அவளை ஒரு தடவை பார்த்தார்.

“ஐயய்யோ, அப்பிடிச் சொல்லாதீக. இது அந்தப் பிள்ளை வீடு. நான் சும்மா வெளிய படுக்கிற ஆளு.”

நான் எழுதினேன்: குடும்பத் தலைவி, பேச்சி. குழந்தைகள் இரண்டு. பேனா என் கையில்தானே இருந்தது, நானாக அவரையும் சேர்த்து எழுதியிருக்கலாமே என்று இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொள்கிறேன். அன்றைக்குத் தைரியம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவர் லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பரங்குன்றம் ரோட்டுக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்.

“பிள்ளைகளுக்கு அரிசி போட்டாகளா தம்பி?”

“போட்டாங்க. பேச்சி நேத்துத்தான் வாங்கிட்டு வந்துச்சு.”

“அப்பச் சரி” என்றார். “பஸ்ஸு போயிரும், கெளம்புங்க தம்பி” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். எனக்குக் கிளம்ப மனசே வரவில்லை. வேலியோரம் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.