சாயக்கார அண்ணனும் இருபத்து நாலு மணி நேரச் சூடும்

பிள்ளையார்பாளையத்தில் தெர்மாமீட்டர் விற்று எவனும் பிழைக்க முடியாது. காரணம், எங்கள் தெருச் சாயக்கார அண்ணனின் வலது கை ஆட்காட்டி விரல். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் தொட்டியில் அதை ஒரு நொடி விட்டு எடுத்தார் என்றால், அடுப்பில் இன்னும் இரண்டு விறகு வைக்கலாமா கூடாதா என்று சொல்லிவிடுவார். சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை. அவருக்கென்று ஒரு பெயர் இருப்பது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

சிக்கல் என்னவென்றால், அந்த விரல் சாயத் தொட்டியோடு நிற்காது. டீக்கடையில் டம்ளரை வாங்கினால் முதலில் விரல்தான் குடிக்கும், அப்புறம்தான் வாய். ஒருமுறை ஹோட்டலில் சாம்பார் வாளியை நிறுத்தி அதற்குள்ளேயே விட்டுப் பார்த்தார். அந்த வாரம் விரல் கரும்பச்சை. தெருவில் அடுத்து எந்த நிறப் புடவை தறியில் ஏறப்போகிறது என்று தெரிய வேண்டுமானால் அவர் கையைப் பார்த்தால் போதும். மகளுக்குச் சம்பந்தம் பேசப்போன இடத்தில், அரக்குச் சிவப்பு விரலை ரசத்தில் விட்டு, ஆறிப்போச்சு என்று தீர்ப்புச் சொன்ன மனிதர் அவர். அந்தக் கல்யாணம் நடந்தது கச்சபேஸ்வரர் புண்ணியம்.

அதே மருமகன்தான் பின்னால் ஒரு பிளாஸ்க் வாங்கிக் கொடுத்து வம்பை ஆரம்பித்து வைத்தார். உள்ளே கண்ணாடிக் குடுவை வைத்த பழைய பிளாஸ்க் இல்லை; புது மாதிரி ஸ்டீல் பிளாஸ்க். பட்டு நூல் சிட்டம் ஒன்றின் கனம்கூட இல்லை என்று தெருவில் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக் கொடுத்து வாங்கினார் அண்ணன். ஆனால் அதன் பெட்டியில் 'இருபத்து நாலு மணி நேரம் சூடு' என்று அச்சடித்திருந்தது. சூட்டைப் பற்றி ஓர் அட்டைப்பெட்டி தனக்குச் சொல்வதா? அவருக்குத் தூக்கம் போயிற்று.

முதல் சோதனை வீட்டில் நடந்தது. இருபதாவது மணி நேரத்தில் அண்ணி, சும்மா இருக்கிற வெந்நீர்தானே என்று எடுத்துக் காபி கலந்துவிட்டார். இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அடுத்த தடவை பிளாஸ்க்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, செவிலிமேட்டில் பாலாற்றுப் பக்கம் எங்களோடு காலை நடைக்கு வந்தார். கூட வந்த ரிட்டயர்டு கிளார்க் ஒருவர், மார்கழிப் பனியில் தொண்டை கட்டிக்கொண்டது என்று, கேட்காமல் திறந்து ஒரு மூடி குடித்துவிட்டார். பதினெட்டு மணி நேரம் பாழ். அந்த மனிதர் இன்றுவரை வேறு பாதையில்தான் நடக்கிறார்.

அதே மார்கழியில் தெருக்காரர்கள் எல்லாம் வேன் பிடித்து ஏற்காடு கிளம்பினோம். என் மகனுக்கு அப்போது ஏழு மாதம். டப்பாப் பால்தான் கொடுத்துவந்தோம். வெந்நீருக்காக என் வீட்டுப் பழைய கண்ணாடி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டேன். அண்ணன் தன்னுடையதை முதலில் வெந்நீர் விட்டு அலசிச் சூடேற்றினார். பிறகு கொதிக்கிற தண்ணீரைக் கழுத்து வரை நிரப்பி, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மூடினார். மூடியைச் சுற்றிப் பட்டு இழையை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி முடிச்சும் போட்டார். இழை அறுந்தால் குற்றவாளி வேனுக்குள்தான் என்று அறிவிப்பு வேறு.

ஏற்காட்டில் குளிர் பல்லைக் கிட்டவைத்தது. ஏரிக்கரையில் ஆளாளுக்கு ஒரு வாய் வெந்நீர் கேட்டுப் பார்த்தார்கள். நாளைக் காலை எட்டு மணிக்கு வரச்சொல்லி எல்லோரையும் திருப்பி அனுப்பினார். பனியில் நின்றால்தான் அது பரீட்சை என்று பிளாஸ்க்கை லாட்ஜ் வராந்தாக் கம்பியில் தொங்கவிட்டார். அதற்குக் காவலாகத் தானும் நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு காலை கிளம்பும்போது லாட்ஜ் படியில் என் பிளாஸ்க் உருண்டு, உள்ளே கண்ணாடி சலசலத்தது. சேலம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வேன் ஏறினோம். நடு மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவில், லாரி ஒன்று பழுதாகிக் குறுக்கே நின்றது. முன்னும் போக முடியவில்லை, பின்னும் போக முடியவில்லை. சுற்றிலும் மூடுபனி. கண்ணுக்கெட்டிய வரை ஒரு டீக்கடை கிடையாது. மகன் விழித்துக்கொண்டான்.

அவன் பசி தாங்கமாட்டான். ஏழு மணிக்குத் தொடங்கிய அழுகையில் முகம் சிவந்து, குரல் கம்மிவிட்டது. கையில் இருந்த குடிதண்ணீர் ஐஸாகச் சில்லிட்டிருந்தது. சளி பிடித்து அப்போதுதான் தேறிய பிள்ளைக்கு அதில் எப்படிப் பால் கலப்பது? வேனில் எல்லோர் கண்களும் ஒரே இடத்துக்குப் போயின. கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஏற்கெனவே இரண்டு முறை கெட்ட சோதனை; முடிய இன்னும் முக்கால் மணி நேரம்தான் பாக்கி.

அண்ணன் வாட்சைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மறுபடி வாட்சைப் பார்த்தார். பிறகு பட்டு இழையைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"பாட்டில குடும்மா" என்றார் என் மனைவியிடம்.

மூடியைத் திறந்ததும் ஆவி எழுந்தது. மனைவி அளந்து ஊற்றி, பவுடரைப் போட்டுக் குலுக்கினாள். சூடு பார்க்க வேண்டும். அண்ணன் வழக்கம்போல் விரலை நீட்டினார். அன்று அது கத்திரிப்பூ நிறம். மனைவி பாட்டிலை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அண்ணன் தன் விரலைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து முதல் தடவையாக அதை மடக்கிக்கொண்டார். கையைத் திருப்பி, மணிக்கட்டில் இரண்டு சொட்டு விடச்சொன்னார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் சூடா இருக்குதும்மா. ஆட்டிக்கினே இரு, நான் சொல்றேன்."

மறுபடி இரண்டு சொட்டு. இன்னொரு தடவை இரண்டு சொட்டு. "இப்ப குடு" என்றார். மகன் மூச்சு விடாமல் குடித்து, அப்படியே தூங்கிப்போனான். லாரி நகர்ந்தபோது மணி ஒன்பது. மீதி வெந்நீர் வழிக்கு ஆகும் என்று பிளாஸ்க்கை அண்ணன் என் மனைவி மடியிலேயே வைத்துவிட்டார்.

ஊருக்கு வந்து திருப்பிக் கொடுக்கப் போனால் வாங்கவில்லை. சோதனையை நீயே செய்து சொல் என்று அனுப்பிவிட்டார். போன மார்கழியில்தான் எனக்கு நேரம் வாய்த்தது. அவர் செய்தபடியே அலசி, நிரப்பி, இழை சுற்றி, சரியாக இருபத்து நாலு மணி நேரம் கழித்துத் திறந்தேன். நாள்பட்ட பிளாஸ்க் ஆயிற்றே, ஆவியும் இல்லை ஒன்றும் இல்லை. வெதுவெதுவென்று இருந்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அவரே வந்துவிட்டார். விரலில் மாம்பழ மஞ்சள்.

"இன்னாபா, சுடுதா?"

"கை வைக்க முடியலண்ணே" என்றேன்.

விரல் பிளாஸ்க்கை நோக்கி நீண்டது, பாதி வழியில் நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். தரையில் பொம்மைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த என் மகனைப் பார்த்தார். விரலை மடக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பரவால்லபா, நல்ல கம்பெனிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சூட்டு விஷயத்தில் அவரை ஏமாற்ற இந்த ஊரில் ஆள் கிடையாது. அன்று எனக்காக ஏமாந்துவிட்டுப் போனார். என் மகன் கல்யாணப் பந்தியில் முதல் இலை அவருக்குத்தான். ரசத்தில் எந்த நிற விரலை வேண்டுமானாலும் விட்டுப் பார்க்கட்டும்.