குழாயண்ணாச்சியின் கால்

அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி ஐந்து பேர் இருந்தோம். டாக்டர். நர்ஸ். குழாயண்ணாச்சியின் மனைவி. எங்கள் லாஞ்சில் சுக்கான் பிடிக்கிற சுக்கானி. லாஞ்சில் கரி அள்ளிப் போடுகிற நான். கட்டிலில் குழாயண்ணாச்சி.

மனிதனைக் குழாயாகவே பார்த்த ஆள் தூத்துக்குடிக் கடற்கரையில் அவர் ஒருவர்தான். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

இரண்டாம் உலக யுத்த காலம். ஆழம் போதாமல் கப்பல்கள் தூரத்தில் நிற்கும். சரக்குத் தோணிகளை நீராவி லாஞ்சில் கட்டி இழுத்துப் போவோம். லாஞ்சுக்கு அவர் பிட்டர். பாய்லர் குழாயில் உப்புப் படிந்து அடைக்கும். கம்பி விட்டுச் சுரண்டுவார். வருடக்கணக்காக அதே வேலை. அவர் கண்ணுக்குக் குழாயைத் தவிர வேறொன்றும் தெரியாமல் போயிற்று.

இருமிக்கொண்டிருந்த மளிகைக்கடைக்காரர் முதுகில் ஸ்பேனரால் தட்டி, காதை வைத்துக் கேட்டார். "மேல் குழாய் நல்லாருக்கு. கீழ தண்ணி நிக்கி" என்றார். அடுத்த வாரம் கடைக்காரர் நிமோனியாவில் படுத்தார். அதிலிருந்து இவரைக் கண்டால் ஊரே இருமலை அடக்கிக்கொள்ளும்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் அதே கதை. மனைவியே சொல்வார். "காப்பி கொடுக்கப் போனா கையைப் பிடிச்சு நாடி பாக்காரு, தம்பி. எங்கய்யா அடிக்கப் பாஞ்சிட்டாரு."

பிறகு அவர் காலே அடைத்துக்கொண்டது. நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். நின்றால் விடும். கடைக்குக் கடை நின்று விலை கேட்பார், வாங்க மாட்டார். வம்புக்காரர் என்றார்கள். வலிக்கு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை. பெருவிரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

டாக்டர் புறங்காலில் விரல் வைத்துப் பார்த்தார். "துடிப்பே இல்ல. ரத்தக்குழாய் அடைச்சிருக்கு. மொதல்ல சுருட்டை விடும்."

"புகைபோக்கி இல்லாத எஞ்சின் உண்டுமா, டாக்டரய்யா?"

"இனிமே உண்டு."

அடுத்த முறை ஒரு பொட்டலத்தோடு போனார். உள்ளே மெல்லிய கம்பி. முனையை அரத்தால் மழுக்கி, தேங்காயெண்ணெய் தடவியிருந்தார்.

"தொடையில ஒரு ஓட்டை போடுங்க. இதை விட்டு அடைப்பைத் தள்ளுங்க. நான் பக்கத்துல இருந்து சொல்லுதேன்."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். டாக்டர் சிரிக்கவில்லை. கம்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யோசனை தப்பில்ல. ஆனா உம்ம குழாய் இரும்பில்ல, கிழிஞ்சிரும். எனக்குச் செய்யத் தெரியாது."

இப்போது பெரிய ஊர்களில் அதைத்தான் செய்கிறார்களாம். தொடை வழியாகக் கம்பி விட்டு, குட்டிப் பலூனை ஊதி, முழங்காலுக்குக் கீழே இருக்கிற அடைப்பையும் திறக்கிறார்களாம். என் மகள் பத்திரிகையில் வாசித்துச் சொன்னாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அன்று அதெல்லாம் இல்லை. கறுப்பு பாதத்துக்கு ஏறியது. அதனால்தான் நாங்கள் ஐந்து பேரும் கட்டிலருகே நின்றோம்.

"நாளைக்கு உம்ம காலை எடுத்திரணும். முழங்கால் மூட்டுக்கு மேல" என்றார் டாக்டர்.

"மூட்டை விட்டுருங்க."

"கீழ வெட்டுனா புண்ணு ஆறாது. உசுருக்கே ஆபத்து."

"மூட்டு இருந்தா கட்டைக்காலு மாட்டி எஞ்சின் ஏணியில இறங்கிருவேன். மூட்டு போனா கரையிலதான். கரையில எனக்கு என்ன இருக்கு?"

"நான் இருக்கம்லா?" என்றார் மனைவி.

"நீ இருக்க, ஏளா. உங்கிட்ட பாய்லர் இல்லியே."

அந்த அம்மாதான் முதலில் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார்.

சுக்கானி சொன்னார்: "மீன் ஏலத்துல கூட அண்ணாச்சி இப்படிப் பேரம் பேசுனதில்ல. கொஞ்சம் பாத்துக் குடுங்க, டாக்டரய்யா."

டாக்டர் முழங்காலிலிருந்து கீழே கையை மெதுவாக இறக்கிப் பார்த்தார். சூடு எங்கே நிற்கிறது என்று தேடினார்.

"மொதல்ல கீழ வெட்டுதேன். ரத்தம் வந்தா மூட்டு உமக்கு. வராட்டா மேல போவேன். சம்மதமா?"

"சம்மதம்."

மறுநாள் மத்தியானம் மயக்கம் தெளிந்தது. கண் திறக்கவில்லை. வாய் திறந்தது.

"ஏலே, மூட்டு இருக்கா?"

"இருக்கு, அண்ணாச்சி."

"பொய் சொல்லாத. அதுக்குக் கீழ எம்புட்டு இருக்கு? அளந்து சொல்லு."

அவர் சட்டைப் பையிலிருந்து மடக்கு அடிக்கோலை எடுத்து மனைவி என்னிடம் தந்தார். போர்வையை விலக்கி, காயக் கட்டின் மேலேயே வைத்தேன். எடுத்து மறுபடியும் வைத்தேன்.

ஐந்தே முக்கால் அங்குலம்.