காருக்குப் பின்னால் வந்த மாடுகள்

உலகத்தில் சந்தேகம் என்கிற சரக்குக்குப் பஞ்சம் வந்திருந்தால், பூந்தமல்லியில் எங்கள் 'இருக்கட்டும்' தரகர் வீட்டுக்குப் போய் மூட்டை மூட்டையாக ஏற்றி வந்திருக்கலாம். பொழுது விடிந்துவிட்டது என்று சொன்னால்கூட, "இருக்கட்டும், பாக்கலாம்" என்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. கேட்டால், "இன்னாத்துக்குக் கேக்குறே?" என்று நம்மையே முறைப்பார்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். எங்கள் டாக்டரிடம் நான் கம்பவுண்டர். சுற்றுவட்டாரப் பிரசவத்துக்கெல்லாம் ஜட்காவில்தான் போவோம். ஒரு மழைக்காலத்தில் குதிரை பாதி வழியில் மக்கர் பண்ணியதில், நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஒரு குழந்தை போய்விட்டது. டாக்டருக்கு அப்புறம் சோறே இறங்கவில்லை. அடுத்த மழைக்குள் கார் வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஊரில் தரகர் என்றால் இவர்தான். மாட்டுத் தரகர். ஆனால் என்ன, அவர் கணக்கில் காரும் நாலு காலில் நிற்கிற ஜீவன்தானே!

முதல் கார் ஆவடியில். தரகர் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். "சூடா கீது. நாம வர்றதுக்கு மின்னாடியே எயுப்பி வெச்சிக்கிறான். காலீல தானா எய்ந்துக்காத வண்டி. வா, போலாம்."

அடுத்த காரிலும் கையை வைத்தார். "ஜில்லுனு கீது. செத்து எத்தினி நாளாச்சோ!"

மூன்றாவது காரின் மட்கார்டில் ஒரு சொட்டை இருந்தது. மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல் பார்த்து, கெட்ட சுழி, எஜமானுக்கு ஆகாது என்று தள்ளிவிட்டார். நான்காவதன் அடியில் தன் வெள்ளைத் துண்டை விரித்து, எண்ணெய் ஒழுகுகிறதா என்று வெகுநேரம் உட்கார்ந்து பார்த்தார். துண்டு பளிச்சென்று இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். "ஒரு சொட்டுகூட ஒயுவலியே! உள்ள ஊத்தவே இல்ல போல கீது" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

கடைசியில் அம்பத்தூரில் ஒரு ரிடையரான ஓவர்சீயரின் கார். ஸ்டீயரிங்கைத் தடவிக்கொடுத்தபோது அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. தரகர் என் காதோரம் வந்தார்.

"அழுவறான் பாரு. நல்ல மாட்ட விக்கிறவன்தான் அழுவான்."

"அப்போ வாங்கிடலாமா?"

"இருக்கட்டும். கொஞ்சம் ஜாஸ்தியா அழுவறான்."

மேற்கே இடி உறுமியது. டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "யோவ் தரகரே, வானத்தைப் பாரும்! கார் எனக்கு, பேசாமல் விலையை முடித்துவிடும்!" என்று கத்தினார். தரகரும் மனமில்லாமல் மாட்டுச் சந்தை வழக்கப்படி கையைத் துண்டால் மூடி, விலை சொல்ல டாக்டரின் விரலைப் பிடித்தார். டாக்டருக்கு அந்தப் பாஷை தெரியாது. பழக்கதோஷத்தில் தரகரின் மணிக்கட்டைப் பிடித்து, "நாடி படபடன்னு அடிக்குதே, தூக்கம் வருதா?" என்றார். "இந்தக் கார வாங்குனா எங்க வரும்?" என்றார் தரகர்.

காரை ஓட்டிக்கொண்டு போகவும் விடவில்லை. "வாங்குன அன்னிக்கே மாட்ட ஏர்ல பூட்டுவாங்களா?" என்று வழிமறித்தார். ஊரிலிருந்து வரவழைத்த அவருடைய இரண்டு மாடுகள் முன்னால் இழுக்க, அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் கோட்டும் டையுமாக ஸ்டீயரிங் பிடித்து உட்கார்ந்து வந்தார் டாக்டர். வழியெல்லாம் ஒரே சிரிப்பு.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. கார் தங்கமாக ஓடியது. தரகர் அதில் ஏறவே இல்லை. கார் கிளம்பியதும் மாடுகளை ஓட்டிக்கொண்டு பின்னாலேயே புறப்பட்டுவிடுவார். வானகரத்தில் வேலையை முடித்துவிட்டு நாங்கள் திரும்பும்போதுதான் பாதி வழியில் எதிரே வந்துகொண்டிருப்பார். டாக்டருக்கு மானம் போயிற்று.

"ஊரே சிரிக்குது. ஏன் பின்னாலயே வர்றீர்?"

"ஒங்க பின்னாடி யாரு வந்தா? மாட்ட ஓட்டிகினு காத்தாடப் போறேன்."

ஒரு நாள் மத்தியானம் பேய்மழை. அயனம்பாக்கத்தில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம், உயிருக்குப் போராடுகிறாள் என்று ஆள் வந்தது. பறந்தோம். ஏரிக்கரையில் நாலு சக்கரமும் சேற்றில் இறங்கிவிட்டன. கார் பேரில் குற்றமே இல்லை, தார் ரோடு இல்லாததற்கு அது என்ன செய்யும்? முட்டி மட்டும் சேற்றில் நின்று இரண்டு பேரும் தள்ளினோம். அசையவில்லை. டாக்டர் அப்படியே காரில் சாய்ந்துவிட்டார். "கம்பவுண்டர், இதுவும் போயிடுமாய்யா?" என்றார். நான் மறுபடியும் முதுகைக் கொடுத்துத் தள்ளினேன்.

அப்போதுதான் மாட்டுமணி கேட்டது. தொப்பலாக நனைந்து வந்தார் தரகர். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. கயிற்றைக் கட்டி இழுத்துக் கரையேற்றினார். பிரசவ வீட்டு வாசல் வரைக்கும் கயிற்றை அவிழ்க்க மட்டும் மறுத்துவிட்டார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்து நான் வெளியே வந்தேன். மழையிலேயே மாடுகளோடு நின்றிருந்தார்.

"பொறந்தாச்சு. ஆம்பளைப் புள்ள."

"அய்துச்சா?"

"அழுதுச்சு."

"நீ கேட்டியா, எவனாச்சும் சொன்னானா?"

கையைப் பிடித்து ஜன்னலோரம் இழுத்து வந்தேன். உள்ளே குழந்தை வீல் வீலென்று கத்தியது. தரகர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றார். 'இருக்கட்டும்' என்று சொல்லவில்லை. மழைத்தண்ணீர்தான் என்பது போல முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு, கிராமத்திலிருந்து திரும்பும்போது தரகரை எதிரே காணோமென்றால், டாக்டர் காரை ஓரம் கட்டி அவர் வரும்வரை காத்திருப்பார். அப்புறம் மாடுகள் நடக்கிற வேகத்துக்கே ஓட்டிக்கொண்டு வருவார்.