வாய்ப்பூட்டும் எட்டாம் கோட்டையும்

உண்மை பேசுவது ஒரு பெரிய காரியமே அல்ல. தோன்றியதும் குரைத்துவிடுகிற நாய்கூட அதைச் செய்கிறது. அந்த உண்மைக்கு ஏழு பக்க ஒப்பந்தம் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி குறித்து, மணி பார்த்துப் பேசுகிறவன் எவனோ அவனே நாகரிக மனிதன். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட நாகரிக மனிதர்கள் பதினோரு பேர் இருக்கிறோம். எங்களை வீடியோ கேம் விமர்சகர்கள் என்று சொல்வார்கள்.

‘எட்டாம் கோட்டை’ என்ற விளையாட்டு வெளிவருவதற்குப் பத்து நாள் முன்னால், அதைத் தயாரித்த நிறுவனத்தார் எங்கள் பதினோரு பேரையும் அழைத்தார்கள். ஏசி அறையில் உட்காரவைத்து ஆளுக்கொரு பேனா கொடுத்தார்கள். பேனாவை வீட்டுக்கே எடுத்துப் போகலாம் என்றார்கள். ஒப்பந்தத்தின் சாரம் இதுதான்: விளையாட்டை எங்களுக்கு முன்கூட்டியே தருவார்கள். நாங்கள் ஆசைதீர விளையாடலாம். ஆனால் அது வெளிவருகிற வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி ஒரு நிமிடம் வரை அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. பொதுமக்களில் முன்பதிவு செய்தவர்கள் மனம் மாறினால் ரத்து செய்துகொள்ளலாம். அதற்கு அவகாசம் வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணி வரை.

எங்களில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கையைத் தூக்கினார்.

“சார், இது வாய்ப்பூட்டு மாதிரி இருக்கே?”

மக்கள் தொடர்பு அதிகாரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “கரெக்டா சொன்னீங்க! நாங்க உங்களுக்கு வாய்ப்பு ஊட்டுறோம். வாய்ப்பு, ஊட்டு. சேர்த்துச் சொல்லிப் பாருங்க, வாய்ப்பூட்டு! இலக்கணம் தெரிஞ்சவர் சார் நீங்க.”

“அந்த ஒரு நிமிஷ இடைவெளி எதுக்கு சார்?”

“ஜனங்க நிதானமா யோசிக்கட்டும்னுதான்.”

நாங்கள் கைதட்டினோம். புதியவரும் தட்டினார்.

ஐந்தாம் பிரிவு முகபாவத்தைப் பற்றியது. புருவத்தை உயர்த்துதல், உதட்டைப் பிதுக்குதல், ‘ம்ஹும்’ என்ற ஓசை, பெருமூச்சு ஆகிய நான்கும் ‘கருத்து’ என்றே கருதப்படும். விளையாட்டில் வரும் வானத்தைப் பற்றி மட்டும் தாராளமாக எழுதலாம் என்று அடிக்குறிப்பில் பெரிய மனதோடு அனுமதித்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து விளையாடத் தொடங்கினேன். மூன்றாம் நிமிடத்தில் கதாநாயகன் அரண்மனைத் தரை வழியாகக் கீழே விழுந்தான். அவன் குதிரை கூரைக்கு மேலே காற்றில் நின்றுகொண்டு கனைத்தது. அரசருக்கு முகம் வரவில்லை. இரண்டு கண்களும் ஒரு பல்வரிசையும் சிம்மாசனத்தில் உட்கார்ந்து ஆணையிட்டன. மறுபடி தொடங்கி, தட்டுத் தடுமாறி நாலாம் கோட்டைக்குப் போனால் கதவில் ‘விரைவில்’ என்று ஒரு பலகை தொங்கியது. அதற்கு மேற்பட்ட கோட்டைகளுக்குப் பலகைகூட இல்லை. திரும்பி நடந்த கதாநாயகன் மறுபடி தரை வழியாக விழுந்தான், விழுந்துகொண்டே இருந்தான். சுற்றிலும் வானம். நான்கு மணி நேரம் அந்த வானத்தைப் பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியாது.

ஆகவே எங்கள் பத்திரிகையில் ‘எட்டாம் கோட்டையின் வானம்: ஒரு முதல் பார்வை’ என்று அறுநூறு வார்த்தை எழுதினேன். ஆசிரியர் என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

“பிரமாதம்யா. வானத்தையே இப்படிப் போட்டிருக்காங்கன்னா தரையை எப்படிப் போட்டிருப்பாங்கன்னு ஜனங்க யோசிப்பாங்க.”

“சார், தரை வந்து...”

அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “எனக்குத் தெரிய வேணாம்! நீ வாயைத் திறந்தா அடுத்த தடவை லிஸ்ட்ல நம்ம பத்திரிகை இருக்காது. அப்புறம் வெளிவந்த பிறகு கடையில வாங்கி, ஜனங்களோட ஜனமா உக்காந்து விளையாட வேண்டியதுதான்.”

ஜனங்களோடு ஜனமாக! தரையைப் பற்றிய குறிப்பை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

அன்று சாயங்காலம் அக்கா அத்தானோடு வீட்டுக்கு வந்தாள். அக்கா ஒரு மருத்துவமனை லேபில் ரத்தம் எடுக்கிறவள். சின்ன வயதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கன்ட்ரோலர்தான். நான் தோற்கிற இடத்தில் அதை வாங்கி, ஜெயித்துவிட்டு, மறுபடி என் கையிலேயே கொடுப்பாள். எட்டாம் கோட்டை வரப்போகிறது என்று அறிவித்த நாளிலிருந்து, அதை விளையாடவென்றே அவள் லீவு சேர்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலோடு வேலைக்குப் போனாள். அத்தானின் தங்கை கல்யாணத்தன்று கை கழுவிய ஈரம் காயுமுன் டியூட்டிக்கு ஓடினாள். மூன்று வருடத்தில் பன்னிரண்டு நாள் சேர்ந்திருந்தது.

“டேய், வெள்ளிக்கிழமை பன்னண்டு மணிக்குள்ள லீவு ஃபார்ம் குடுக்கணும். குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது, எனக்குப் பதிலா வேற ஆள் போட்டுருவாங்க. சொல்லு, கேம் நல்லா இருக்கா?”

“கேம் இருக்குக்கா.”

“இருக்குன்னு எனக்கும் தெரியும். நல்லா இருக்கா?”

“‘இருக்கு’ங்கறது மூணாம் பிரிவு. அதைச் சொல்லலாம். ‘நல்லா’ங்கறது அஞ்சாம் பிரிவு.”

“அப்ப நல்லா இல்லையா?”

“‘இல்லை’யும் அஞ்சாம் பிரிவுதான்.”

“தலையையாவது ஆட்டித் தொலையேன்டா.”

“கழுத்துக்குத் தனி இணைப்பே இருக்குக்கா.”

அக்கா என் முகத்தை உற்றுப் பார்த்தாள். குண்டுக் கையில் நரம்பு தேடுகிற அதே பார்வை. புருவத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பெருமூச்சு வந்தது, விழுங்கினேன். காய்ச்சலோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போன அக்கா ஞாபகத்துக்கு வந்தாள். கண் கலங்கிவிட்டது. கண்ணீரை ஐந்தாம் பிரிவில் சேர்க்க நிறுவனத்தார் மறந்திருந்ததால், அது சட்டத்துக்கு உட்பட்டுத் தாரை தாரையாக வழிந்தது.

அக்கா துள்ளி எழுந்தாள். “அழறியாடா? அவ்ளோ உருக்கமான கதையா!” என்றவள், கூடத்தைப் பார்த்துக் கத்தினாள். “ஏங்க! சாதாரணப் பதிப்பு வேணாங்க, பேரரசர் பதிப்பே புக் பண்ணிடுங்க. தம்பி தேம்பித் தேம்பி அழறான்!”

“அழுதா நல்லதா, கெட்டதா?” என்று கேட்டார் அத்தான்.

“உங்களுக்கு ரசனையே கிடையாது. சீக்கிரம் புக் பண்ணுங்க, தீந்துடப்போகுது.”

இணையத்தில் இறக்கிக்கொள்கிற பொருள் எப்படித் தீரும் என்று சில விவரம் தெரியாதவர்கள் கேட்கலாம். விவரம் தெரிந்தவர்கள் முன்பதிவு செய்துவிட்டார்கள், அவ்வளவுதான். பேரரசர் பதிப்பு வாங்குகிறவர்களின் குதிரைக்குத் தங்க லாடம் இலவசம். குதிரை தரையில் கால் வைப்பதே இல்லை என்பதால் லாடம் ஆயுசுக்கும் தேயாது. இதையும் நான் அக்காவிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது அலுவலகத்தில் என் ஃபோன் அடித்தது.

“டேய், லீவு செக்‌ஷன் ஜன்னல் முன்னாடி நிக்கிறேன். ஃபார்ம் கையில இருக்கு. கடைசியா கேக்குறேன். குடுக்கட்டுமா?”

பின்னால் யாரோ, “சீக்கிரம் குடும்மா, ஜன்னலைச் சாத்தணும்” என்று சொல்வது கேட்டது. ஒரே ஒரு ‘வேண்டாம்’ போதும். நாக்கு நுனிவரை வந்தது. எதிர் மேசையிலிருந்து ஆசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்னை நினைத்தே கூச்சமாக இருந்தது. ஆனாலும் ஒப்பந்தம் ஜெயித்தது.

“வானம் ரொம்ப நல்லா இருக்குக்கா,” என்றேன்.

“அதான் படிச்சேனே! இந்தா, குடுத்துட்டேன்!” என்று குதித்தாள் அக்கா. ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது.

பன்னிரண்டு அடித்தது. ஒரு நிமிடம் நாட்டு மக்கள் அனைவரும் நிதானமாக யோசித்தார்கள். அடுத்த விநாடி, பதினோரு வீரர்களும் ஒரே நேரத்தில் வாளை உருவினோம். என் விமர்சனத்தின் தலைப்பு ‘எட்டாத கோட்டை: வாங்கிக் கோட்டை விடாதீர்கள்!’ பத்துக்கு இரண்டு மதிப்பெண்தான் போட்டேன். அந்த இரண்டும் வானத்துக்கு. தரையில்லாத அரண்மனை, முகமில்லாத அரசர், ‘விரைவில்’ பலகை, எதையும் நான் விட்டுவைக்கவில்லை. யாருக்கும் அஞ்சாமல், எவருக்கும் வளையாமல், காசை வீணாக்காதீர்கள் என்று கறாராக எழுதியிருந்தேன். உடனே மக்கள் தொடர்பு அதிகாரியிடமிருந்து செய்தி வந்தது: ‘நேரம் தவறாமைக்கு நன்றி. அடுத்த விளையாட்டுக்கும் உங்கள் இடம் உறுதி.’

பத்து நிமிடம் கழித்து அக்கா கூப்பிட்டாள். கத்துவாள் என்று ஃபோனைக் காதிலிருந்து தள்ளியே பிடித்தேன். அவள் கத்தவில்லை. லேபுக்கு வருகிறவர்களிடம் பேசுகிற நிதானமான குரலில் பேசினாள்.

“படிச்சேன்டா. நல்லா எழுதியிருக்க. ஒரு பொய் இல்ல.”

“தேங்க்ஸ்க்கா,” என்றேன் கம்பீரமாக.

“எங்க லேப்ல ஆள் இருக்கும்போதே ரிப்போர்ட்டைக் குடுத்துருவோம். ஆள் போனப்புறம் வந்தா அதுக்குப் பேரு ரிப்போர்ட் இல்லடா, இரங்கல் செய்தி.”

“இரங்கல் செய்தின்னா செத்தது யாருன்னு போட்டிருக்கணுமேக்கா?”

“போட்டிருக்காங்களே. தலைப்புக்குக் கீழ பாரு,” என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள்.

பார்த்தேன். என் பெயர் இருந்தது. பக்கத்திலேயே, நான் சிரித்துக்கொண்டிருக்கிற போட்டோ.