குலுக்கிய பின் ஊற்றவும்

அவன் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். குவளையில் இரண்டு பிரஷ்கள் இருந்தன. காய்ந்து கிடந்ததைத் தொடாமல் மற்றதை எடுத்துப் பல் துலக்கினான். காபி போட்டுக் குடித்தான். பிறகு தோட்டத்துக்குப் போய் எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றினான். எது செடி, எது களை என்று தெரியாததால் பாரபட்சம் காட்டவில்லை. நான்கு மாதத்தில் தோட்டம் சன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது.

பெரியப்பா விட்டுப்போன தோட்டம் அது. அவனுடைய பெரியப்பா இல்லை, மனைவியுடையவர். அவர் அவளுக்கு விட்டுப்போனார், அவள் இவனுக்கு.

போன் அடித்தது. மாமியார்.

"மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை வர்றேன். தோட்டத்தைப் பாக்கணும் போல இருக்கு."

"எதுக்கு அத்தை சிரமம்?"

"எம்பொண்ணு கடைசி மூச்சுல அதைத்தானே உங்ககிட்ட ஒப்படைச்சா?"

அப்படி எதுவும் நடக்கவில்லை. அவள் போனபோது அவன் ஆஸ்பத்திரி கேன்டீனில் இருந்தான். கையில் பாதி பன். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அத்தை, "கடைசியா என்ன சொன்னா?" என்று கேட்டார். பன் விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. சன்னல் வழியே எதிரில் தெரிந்தது தோட்டம். "தோட்டத்தைப் பாத்துக்கச் சொன்னா" என்றான். ஒரு வாரத்தில் அது சொந்தபந்தம் முழுக்கச் சுற்றி, "ஒரு செடிகூட வாடக்கூடாதுன்னு கையைப் புடிச்சு அழுதாளாமே" என்று அவனிடமே திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை பதினோரு இலைகளைப் பறித்து டிபன் பாக்ஸில் போட்டு நர்சரிக்காரரிடம் கொண்டுபோனான்.

"யார் சார் இதையெல்லாம் வளர்த்தது?"

"நான்தான்."

"இதை வளர்க்க முடியாது சார். அதுவாத்தான் வளரும்." அவர் ஒரே ஒரு இலையைத் தூக்கிக் காட்டினார். "இது மட்டும் செடி. மிச்சம் பத்தும் களை. புடுங்கிப் போடுங்க."

மருந்துக் கம்பெனியில் புட்டிகளில் லேபிள் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. நாள் முழுக்க அதையே பார்க்கிறவன், அந்த ஒரு இலைக்கு அடையாளம் வைக்க மறந்தான். பஸ்ஸில் குலுங்கி வீடு வந்து மூடியைத் திறந்தால் பதினொன்றும் ஒன்றுபோல வதங்கியிருந்தன.

ஒரு குத்துமதிப்பாகப் பாதித் தோட்டத்தைப் பிடுங்கினான். பிறகு டிபன் பாக்ஸின் மூலையில் ஒட்டியிருந்த இலையைப் பார்த்தான். நர்சரிக்காரர் தூக்கிக் காட்டியது அதுவாக இருக்கலாம் என்று பட்டது. ரம்பம் மாதிரி ஓரம். பிடுங்கிய குவியலிலும் ரம்பம் மாதிரி ஓரம்.

குவியல் மொத்தத்தையும் திரும்ப நட்டான். வரிசையாக நட்டான். ஒவ்வொன்றும் தலை சாய்ந்ததால் குச்சி வைத்துக் கட்டினான். பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிற்க வைத்த பிள்ளைகள் மாதிரி இருந்தது.

பேராவது இருந்தால் மரியாதையாக இருக்கும் என்று தோன்றியது. பேர்கள் அவனுக்குத் தெரியும். அவள் சொல்லியிருக்கிறாள். சாயங்காலங்களில் இடுப்பில் கை வைத்து, டீச்சர் மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டுவாள். "இது மழைக்காத்தான். அது ஊமைக்கொடி. இது பட்டுராணி, தொடாதீங்க, கோவம் வரும்." அவளுக்குத் தெரியாத செடியே கிடையாது.

சனிக்கிழமை கம்பெனி மெஷினில் லேபிள் அடித்துக்கொண்டு வந்து ஒட்டினான். மெஷின், பேருக்குக் கீழே தன் வழக்கப்படி இரண்டு வரிகளைச் சேர்த்திருந்தது. இவன் பேரை மட்டும்தான் சரிபார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேராகத் தோட்டத்துக்குப் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் குச்சியின் முன் குனிந்தார்.

"பட்டுராணி. குலுக்கிய பின் உபயோகிக்கவும். காலாவதி..." நிமிர்ந்தார். "செடிக்கு எதுக்கு மாப்பிள்ளை காலாவதி?"

"அது மெஷின் பண்ணது அத்தை."

"இது பார்த்தீனியம். தொட்டா அரிக்கும். இதுக்குப் போயா முட்டுக் குடுத்து வெச்சிருக்கீங்க?" அடுத்ததற்குப் போனார். "மழைக்காத்தான். யார் வெச்ச பேரு? இது நாயுருவி. பாருங்க, என் துணியெல்லாம் ஒட்டிக்கிச்சு."

அவன் மண்டியிட்டு அத்தையின் துணி ஓரத்திலிருந்து ஒவ்வொரு முள்ளாக எடுத்தான். அந்த நேரத்துக்கு அது வசதியாக இருந்தது. முகத்தைக் காட்ட வேண்டியதில்லை.

"இந்தப் பேரெல்லாம் அவளா சொன்னா?"

"இல்ல அத்தை. அவ சரியாத்தான் சொன்னா. நான்தான் தப்பா ஞாபகம் வெச்சிருக்கேன்."

"அதானே. எம்பொண்ணு தப்பா சொல்ல மாட்டா." அத்தையின் குரல் உடைந்தது. "உங்களை நம்பி ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா."

அப்போது சுற்றுச்சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பின்தெரு சிஸ்டர். அவள் போன அன்றைக்கு ஆஸ்பத்திரி வார்டில் ட்யூட்டி பார்த்தவர். நான்கு மாதமாக அவர் கண்ணில் படாமல் அவன் சுற்றுவழியாக பஸ் ஸ்டாப்புக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"அம்மா வந்திருக்காங்களா? நான்தாம்மா உங்க பொண்ணை அன்னைக்குப் பாத்துக்கிட்டேன்."

"வெயிலா இருக்கு, உள்ள போலாம் அத்தை" என்றான் அவன்.

அத்தை நகரவில்லை. "அப்ப நீங்களும் கேட்டீங்களாம்மா, தோட்டத்தைப் பாத்துக்கச் சொல்லி இவர்கிட்ட அழுதாளாமே?"

சிஸ்டர் அவனைப் பார்த்தார். கையில் இருந்த முள்ளை அவன் எங்கே போடுவது என்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நான் அங்க இல்ல அத்தை. கேன்டீன்ல பன் சாப்டுட்டு இருந்தேன். போய் சாப்பிடுங்கன்னு அவதான் அனுப்பினா. தோட்டம்னு சொன்னது நானா சொன்னது. அவ தோட்டத்தைப் பத்திப் பேசவே இல்ல."

அத்தை கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார்.

"பேசினாங்க சார்" என்றார் சிஸ்டர். "நீங்க கீழ போனப்புறம், உங்க தோட்டத்துலேர்ந்து எனக்கு ஒரு செடி குடுங்களேன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே ஒண்ணு சொன்னாங்க. அதுக்கப்புறம் வேற எதுவும் பேசலை."

"என்ன சொன்னா?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"'எனக்கு ஒரு செடிகூடத் தெரியாது சிஸ்டர், பேரெல்லாம் வாய்க்கு வந்தது. அவர் நம்பிக்கிட்டிருக்கார், சொல்லிடாதீங்க'ன்னாங்க."