மவுஸைத் தூங்கவைத்த பேட்டரி அண்ணன்

டெல்லி முனிர்காவில் எந்தப் பொருளும் வேலையில்லாமல் விழித்திருக்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்ட ஒரே மனிதர் பேட்டரி அண்ணன்தான். எரிகிற பல்பைப் பார்த்தால் அணைப்பார். ஓடுகிற ஃபேனைப் பார்த்தால், அடியில் ஆள் உட்கார்ந்திருந்தாலும், ஒரு நிமிடம் யோசிப்பார். அவர் தூங்கி மட்டும் யாரும் பார்த்ததில்லை. குர்கானில் ஏதோ ஒரு கம்பெனியின் சர்வர் கணினிகளுக்கு இரவெல்லாம் காவல் இருந்துவிட்டு, காலை ஏழு மணிக்கு எங்கள் கட்டிடத்தின் தரைத்தளத்துக்குத் திரும்புவார். சொந்த ஊர் பாளையங்கோட்டை. சொந்தப் பெயர் வீட்டுக்காரருக்கே தெரியாது.

நான் நாலாவது மாடி, ஆய்வு மாணவன். என் பழைய லேப்டாப்பின் பேட்டரி நாற்பது நிமிடம் தாங்கும். எங்கள் சந்தில் கரண்ட் போனால் ஒரு மணி நேரம் வராது. இது காதில் விழுந்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணன் மேலே வந்து, பழைய சிஸ்டத்தைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டார். பிறகு கறுப்புத் திரையில் ஒரு பட்டியலைத் திறந்தார். லேப்டாப்பின் ஒவ்வொரு உறுப்பும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறதா என்று அது சொல்லும். பிடித்தால் 'குட்', இல்லாவிட்டால் 'பேட்'. என்னுடையதில் பதினேழு 'பேட்'. மகனின் ரேங்க் கார்டைப் பார்த்த அப்பா மாதிரி ஆகிவிட்டார். ஒன்று விடாமல் 'குட்' ஆக்கினார். ஆன் செய்யும்போதெல்லாம் தானாகவே எல்லாம் 'குட்' ஆகிவிட ஒரு ஸ்கிரிப்டும் எழுதிவைத்தார். பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கியது. நான் காலில் விழாத குறை.

மறுநாள் மவுஸ் செத்தது.

செத்தது என்றும் சொல்ல முடியாது. கையை எடுத்து இரண்டு நொடி யோசித்தால் உறைந்துவிடும். ஆட்டினால் அசையாது. ஒரு தட்டு தட்டினால் எழும். மறுபடி யோசித்தால் மறுபடி உறையும். யோசிக்காமலே ஆய்வு செய்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பயிற்சி போதாது. யமுனை எங்கெங்கே தடம் மாறி ஓடியது என்று பதினோரு வரைபடங்கள் கோடு கோடாக வரைந்தாக வேண்டும். மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் ஒரு வருடம் போச்சு. டச்பேடோ ஏற்கனவே டீயில் குளித்து உயிரை விட்டிருந்தது.

மவுஸை வேறு துளையில் செருகிப் பார்த்தேன். மேஜையை மாற்றினேன். அடியில் ஹிந்திப் பேப்பர் விரித்தேன். அதை எடுத்துவிட்டுத் தமிழ்ப் பேப்பர் விரித்தேன். நேரு பிளேஸுக்குப் போய்ப் புதிது வாங்கினேன், அதுவும் உறைந்தது. திருப்பிக் கொண்டுபோனால், கடைக்காரர் தன் கணினியில் செருகி ஜோராக ஓட்டிக் காட்டினார். "மவுஸ் டீக் ஹை, பையா. ஆப் டீக் ஹோ?" மவுஸ் நன்றாகத்தான் இருக்கிறது, நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று அவ்வளவு அக்கறையாக விசாரித்தார்.

ஐந்தாம் நாள் காலை, வேலை முடிந்து வந்த அண்ணனை வாசலிலேயே மறித்து மாடிக்கு இழுத்துப் போனேன்.

"கைய எடுடே," என்றார்.

எடுத்தேன். உதட்டுக்குள் இரண்டு எண்ணினார். மவுஸைத் தானே ஆட்டிப் பார்த்தார். திரையில் அம்பு அசையவில்லை.

"பாத்தியா, ரெண்டே செகண்டுல தூங்கிட்டான். எம்புட்டு நல்ல பய."

"அண்ணே, இவன் தூங்குனா என் தீசிஸ் செத்துரும்ணே."

பட்டியலைத் திறந்தார். மவுஸுக்கு நேரே 'குட்' என்று ஜம்மென்று நின்றது. அதை 'பேட்' ஆக்கினால் மவுஸ் விழித்தே இருக்கும். ஒரே ஒரு பொத்தான்தான். அண்ணனின் விரல் அதன் மேல் போய் நின்றது, திரும்பி வந்தது, மறுபடி போனது. கடைசியில் ஊசி போட்டுக்கொள்கிறவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுத்தினார். மவுஸ் எழுந்தது. எழுந்தே இருந்தது.

மறுநாள் ஆன் செய்ததும் ஸ்கிரிப்ட் தன் கடமையைச் செய்ய, மவுஸ் மறுபடி நல்ல பயலாகிவிட்டது. மவுஸுக்கு மட்டும் விலக்கு என்று அந்த ஸ்கிரிப்டிலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கெஞ்சினேன்.

"அது முடியாதுடே. இன்னைக்கு வேலை கெடக்கு, முழிச்சிருக்கான், சரி. அதுக்காவ ஒருத்தன ஆயுசுக்கும் 'பேட்'னு எழுதி வைக்கலாமா? தெனம் வாரேன், மாத்தி விடுதேன்."

வந்தார். தினமும் சிவந்த கண்ணோடு நாலு மாடி ஏறி, ஒரு பொத்தானை அழுத்துவார். இரண்டு எண்ணுவார். அப்படியே என் யமுனை எதுவரை வந்திருக்கிறது என்று எட்டிப் பார்த்து, "இன்னும் ஓக்லா வரலையாடே?" என்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே ஆற்றைத் தினம் கொஞ்சம் நகர்த்தினேன். மாதக் கடைசிக்கு முந்தின நாள் பதினோராவது வரைபடமும் முடிந்தது.

அவரிடம் ஒன்றை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. மவுஸுக்கு விலக்குத் தரும் அந்த ஒரு வரியை எழுத, அவர் தினமும் வர ஆரம்பித்த மூன்றாம் நாளே நான் கற்றுக்கொண்டுவிட்டேன். விடிந்ததும் எழுதினேன், மவுஸ் தூங்கவே இல்லை. ஏழு மணிக்குப் படியில் அண்ணனின் செருப்புச் சத்தம் கேட்டது. அவசர அவசரமாக அதை அழித்துவிட்டு, அவர் வந்து ஆன் செய்யும்போது மவுஸ் தூங்கட்டும் என்று லேப்டாப்பை அணைத்துப் போட்டேன்.